8 ஜிபிக்குள் அடங்குமா? கேமிங் லப்டொப்பில் ஏஐ மொடல்களை ஓட்டுவது

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேமிங் லப்டொப் பார்க்கப் போனால், கடைக்காரர் முதலில் சொல்வது திரை எத்தனை ஹேர்ட்ஸ் என்பது. பிறகு புரொசெசரின் பெயர், கடைசியில் விசைப்பலகையின் வண்ண விளக்கு. மொழி மொடல் ஒன்றை இணையத்தின் துணையில்லாமல் சொந்த இயந்திரத்திலேயே ஓட்ட நினைப்பவருக்கு இந்த மூன்றினாலும் பெரிய பயனில்லை. அவர் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். கிராபிக்ஸ் சிப்புக்கென்று தனியாக எத்தனை ஜிபி நினைவகம் (வி-ரேம்) இருக்கிறது? அந்த நினைவகத்தை விநாடிக்கு எத்தனை ஜிபி வேகத்தில் வாசிக்கலாம்? முதல் எண் பெட்டியின் ஓரத்தில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

மொடல் வேலை செய்யும் விதம்தான் இதற்குக் காரணம். 8 பில்லியன் பராமீட்டர் மொடல் என்றால் 8 பில்லியன் எண்கள் அடங்கிய ஒரு கோப்பு. ஒரு டோக்கனை, அதாவது ஒரு சொல்லையோ சொல்லின் துண்டையோ எழுத, அந்தக் கோப்பு முழுவதையும் ஒரு தடவை வாசிக்க வேண்டும். அடுத்த டோக்கனுக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்து. பெருக்கலும் கூட்டலும் கண்ணிமைப்பில் முடிந்துவிடும். நேரம் போவது வாசிப்பில். ஆகவே, நினைவக வேகத்தை மொடல் கோப்பின் அளவால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை டோக்கன் என்ற உச்சவரம்பு கிடைத்துவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லப்டொப் கிராபிக்ஸ் சிப்பில் 8 ஜிபி வி-ரேம், விநாடிக்கு 256 ஜிபி வேகம். மெட்டா வெளியிட்ட லாமா 3.1 இன் 8 பில்லியன் மொடல், ஒவ்வொரு எண்ணையும் சிறிதாக்கிச் சேமிக்கும் வழக்கமான 4 பிட் சுருக்கத்தில் 4.9 ஜிபி. 256 ஐ 4.9 ஆல் வகுத்தால் 52. நடைமுறையில் 35 முதல் 45 வரை எதிர்பார்க்கலாம். ஒருவர் வாசிக்கும் வேகத்துக்கு இது தாராளம்.

இதே கணக்கை மற்றச் சிப்புகளுக்கும் போட்டுப் பார்த்தால், விலைப் பட்டியல் சொல்லும் வரிசை குலைந்துபோகிறது. ஆர்டிஎக்ஸ் 4070 லப்டொப் சிப்பிலும் அதே 8 ஜிபி, அதே 256 ஜிபி வேகம். விளையாட்டில் அது 4060 ஐ முந்தும். மொழி மொடலில் பதில் எழுதும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 6 ஜிபி வகையில் ஒரு தலைமுறை பழைய 3060 லப்டொப் சிப் விநாடிக்கு 336 ஜிபி வாசிக்கிறது, புதிய 4050 வெறும் 192. பழையது இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். 3050 இன் 4 ஜிபி வகையை இந்த வேலைக்கென்று வாங்க வேண்டாம். ஏற்கெனவே கையில் இருந்தால் 3, 4 பில்லியன் மொடல்கள் ஓடும். 12 ஜிபி வேண்டுமென்றால் 4080 அல்லது 5070 டிஐ, 16 ஜிபிக்கு 4090 அல்லது 5080, 24 ஜிபிக்கு 5090. லப்டொப்பில் வரும் 4090 இல் 16 ஜிபிதான்; மேசைக் கணினியின் 4090 இல் 24. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என்விடியாவுக்குப் பதிலாக ஏஎம்டி சிப் உள்ளவர்கள் வல்கன் என்ற பொதுவான கிராபிக்ஸ் இடைமுகம் வழியாக ஓட்டலாம், ஆனால் சிக்கல் வந்தால் தீர்வைத் தேடி எடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இன்னொரு பொறி விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் இருக்கிறது. அங்கே கிராபிக்ஸ் நினைவகம் 16 ஜிபி, 24 ஜிபி என்று பெரிதாகத் தெரியும். அது சிப்பின் சொந்த நினைவகத்தோடு, சாதாரண ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடிய பாதியையும் சேர்த்துச் சொல்லும் தொகை. "டெடிகேட்டட்" என்ற வரியில் உள்ளது மட்டுமே நமக்குக் கணக்கு.

இனி, அந்த 8 ஜிபிக்குள் என்னென்ன குடியிருக்கப் போகின்றன என்று பார்க்கலாம். முதலாவது மொடல் கோப்பு. ஒரு எண்ணுக்கு 16 பிட் என்று முழுமையாக வைத்தால் 8 பில்லியன் மொடலுக்கு 16 ஜிபி வேண்டும். 8 பிட்டாகச் சுருக்கினால் 8.5 ஜிபி, அப்போதும் அடங்காது. க்யூ4-கே-எம் என்ற பெயரில் வரும் வகை ஒரு எண்ணுக்குச் சராசரியாக 5 பிட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். பெரும்பாலானோர் ஓட்டுவது அதைத்தான். அதற்கும் கீழே, 3 பிட், 2 பிட் என்று இறங்கினால் கோப்பு சிறுக்கும், பதிலும் கெடும். ஆங்கிலத்தில் அந்தச் சேதம் மெதுவாகவே தெரியும். தமிழ், சிங்களம் போன்ற எழுத்துகளில் முன்னதாகவே தெரிந்துவிடும்: சொல்லின் விகுதி பிசகும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். தமிழுக்காக ஓட்டுகிறவர் பெரிய மொடலை 2 பிட்டில் திணிப்பதைவிடச் சிறிய மொடலை 5 அல்லது 6 பிட்டில் வைத்திருப்பது மேல்.

இரண்டாவது, உரையாடலின் நினைவு. இதுவரை பேசியவை அனைத்தையும் மொடல் கேவி கேஷ் என்ற பகுதியில் வைத்திருக்கும். லாமா 3.1 இன் 8 பில்லியன் மொடலில் ஒரு டோக்கனுக்கு 128 கேபி செலவாகிறது. 8,192 டோக்கன் நீளத்துக்கு 1 ஜிபி, 32,768 க்கு 4 ஜிபி. அந்த மொடல் 1,28,000 டோக்கன் வரை தாங்கும் என்று விளம்பரத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த நீளத்துக்குக் கேஷ் மட்டுமே ஏறத்தாழ 16 ஜிபி கேட்கும். 8 ஜிபி சிப்பில் கணக்கு இப்படி வரும்: மொடல் 4.9, கேஷ் 1, இடைக்கணக்குக்கு ஏறத்தாழ அரை ஜிபி, விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து அரை முதல் ஒரு ஜிபி. 7 ஐத் தாண்டியும் தாண்டாமலும் நிற்கும். கொன்டெக்ஸ்ட் நீளத்தை, அதாவது மொடல் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் டோக்கன் எண்ணிக்கையை, யோசிக்காமல் 32 ஆயிரத்துக்கு ஏற்றினால் உடைந்துவிடும். நினைவகத்தைச் சிக்கனமாக்கும் ஃப்ளாஷ் அட்டென்ஷன் என்ற தெரிவை இயக்கி, கேஷை 8 பிட்டாகச் சுருக்கினால் அதன் இடம் பாதியாகும். பதிலின் தரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உடைவது என்றால் என்ன? நிரல் நின்றுபோனால்கூட நல்லது, காரணம் உடனே தெரியும். என்விடியாவின் விண்டோஸ் டிரைவர் அப்படி விடுவதில்லை. வி-ரேம் நிரம்பியதும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும். 4060 லப்டொப் சிப்புக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி மட்டுமே. 256 எங்கே, 16 எங்கே! 40 டோக்கனில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 3, 4 ஆக விழும். பிழைச்செய்தி எதுவும் வராது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 3டி அமைப்புகளுக்குள் "கூடா சிஸ்மெம் ஃபோல்பேக் பொலிசி" என்று ஒரு வரி இருக்கிறது. அதை "பிரிஃபர் நோ சிஸ்மெம் ஃபோல்பேக்" என்று மாற்றி வைத்தால், இடம் போதாதபோது நிரல் வெளிப்படையாகத் தோற்கும். மொடல் பல அடுக்குகளாக அமைந்தது; சிப்பில் வைக்கும் அடுக்குகளைக் குறைத்து நாம் மறுபடி ஏற்றலாம்.

விளையாடுகிறவர்களின் அறிவுரை இங்கே தலைகீழாகும் இடமும் ஒன்று உண்டு. எந்தக் கிராபிக்ஸ் சிப் திரையை இயக்கும் என்று மாற்ற உதவும் மக்ஸ் சுவிட்ச் உள்ள லப்டொப்பில் திரையை நேரடியாகப் பெரிய கிராபிக்ஸ் சிப்போடு இணைக்கும்படி அவர்கள் சொல்வார்கள். விளையாட்டில் ஃப்ரேம் கூடும். நமக்கு வேண்டியது ஹைபிரிட் நிலை. டெஸ்க்டொப்பையும் பிரவுசரையும் புரொசெசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வரைந்துகொள்ளட்டும். பெரிய சிப்பில் அரை ஜிபிக்குக் குறையாமல் இடம் மிஞ்சும், சில வேளை ஒரு ஜிபிகூட. 8 ஜிபியில் அது சிறிய தொகையல்ல. வெளித்திரை இணைப்பவர்கள் கவனிக்க: பல லப்டொப்களில் எச்டிஎம்ஐ துளை பெரிய சிப்போடுதான் இணைந்திருக்கும், அப்போது இந்த இடம் முழுதாக மிஞ்சாது.

அடங்காத மொடலைப் பகிர்ந்து ஓட்டவும் முடியும். 2023 மார்ச்சில் கியோர்கி கெர்கானோவ் தொடங்கிய லாமா-சிபிபி என்ற நிரல்தான் இதற்கு அடித்தளம். பலரும் பயன்படுத்தும் ஒல்லாமா, எல்எம் ஸ்டூடியோ இரண்டும் அதைச் சார்ந்து வளர்ந்தவை. மொடலின் சில அடுக்குகள் வி-ரேமில் இருக்கும், மிச்சத்தைப் புரொசெசர் சாதாரண ரேமிலிருந்து கணக்கிடும். அலிபாபாவின் க்வென்3 வரிசையில் 14 பில்லியன் மொடல் 4 பிட்டில் 9 ஜிபி. அதில் 6.5 ஜிபி சிப்பிலும் 2.5 ஜிபி ரேமிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 256 இல் 6.5 ஐ வாசிக்க 0.025 விநாடி. டிடிஆர்5-4800 ரேம் இரண்டு குச்சிகளோடு இருந்தால் விநாடிக்கு 76.8 ஜிபி; 2.5 ஐ வாசிக்க 0.033 விநாடி. கால்வாசியைவிடச் சற்றே கூடிய பகுதி பாதிக்கு மேல் நேரத்தைத் தின்கிறது. உச்சவரம்பு 17 டோக்கன். ரேம் ஒரே குச்சியாக இருந்தால் வேகம் 38.4 ஆகக் குறைந்து, உச்சவரம்பு 11 க்கு இறங்கும்.

கொழும்பில் விற்கும் நடுத்தர விலைக் கேமிங் லப்டொப்களில் ஒற்றைக் குச்சியோடு வருபவை பல. டாஸ்க் மனேஜரில் மெமரிப் பக்கத்தில் "2 இல் 1" என்று இருந்தால், அதே வேகமுள்ள இன்னொரு குச்சியை வாங்கிப் போடுவதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. மூடியைத் திறப்பதற்கு முன், திறந்தால் உத்தரவாதம் நிற்குமா என்று விற்ற இடத்தில் கேட்டுக்கொள்ளவும். கடை தரும் உத்தரவாதமும் கம்பனியின் உள்ளூர் முகவர் தரும் உத்தரவாதமும் ஒன்றல்ல.

ரேம் 32 ஜிபி ஆனால் இன்னொரு கதவும் திறக்கும். கலப்பு நிபுணர் வகை மொடல்களில் மொத்தப் பராமீட்டர் பெரிதாக இருந்தாலும், ஒரு டோக்கனுக்கு வாசிக்கப்படுவது சிறு பகுதிதான். க்வென்3-30பி-ஏ3பி யில் மொத்தம் 30 பில்லியன், ஒரு தடவைக்கு 3 பில்லியன். 2025 ஓகஸ்ட்டில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ்-20பி யில் மொத்தம் 21 பில்லியன், ஒரு தடவைக்கு 3.6 பில்லியன். நிபுணர் பகுதிகளை ரேமில் விட்டு, எப்போதும் தேவைப்படும் பகுதியை வி-ரேமில் வைக்கும் தெரிவு லாமா-சிபிபியில் இருக்கிறது. டோக்கனுக்கு ஏறத்தாழ 2 ஜிபிதான் வாசிக்க வேண்டும் என்பதால், 8 ஜிபி சிப்புள்ள லப்டொப்பிலேயே 15, 20 டோக்கன் வேகத்தில் இவை ஓடும். எல்லாப் பராமீட்டர்களையும் ஒவ்வொரு தடவையும் வாசிக்கும் 14 பில்லியன் அடர்த்தி மொடலைப் பகிர்ந்து ஓட்டுவதைவிட இந்த வழியையே எடுக்கலாம்.

நிறுவுவதில் சொல்ல அதிகமில்லை. என்விடியா டிரைவரைப் புதுப்பித்து, ஒல்லாமாவையோ எல்எம் ஸ்டூடியோவையோ இறக்கி நிறுவினால் போதும். மொடல் ஒன்று 5 ஜிபி, 9 ஜிபி என்று வருவதால், இரவு நேர டேட்டா தனியாக உள்ள பொதிக்காரர்கள் அந்த நேரத்தில் இறக்குவது நல்லது. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒல்லாமா எல்லாவற்றையும் சி டிரைவில் போடும். விளையாட்டுகளால் ஏற்கெனவே நிரம்பிய 512 ஜிபி தட்டு சில நாளில் திணறும் என்பதால், மொடல் கோப்புறையைத் தொடக்கத்திலேயே வேறு டிரைவுக்கு மாற்றிவிடவும். ஓடத் தொடங்கியதும் "ஒல்லாமா பிஎஸ்" கட்டளையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். "100% ஜிபியு" என்று வந்தால் முழுவதும் அடங்கிவிட்டது. "30% சிபியு" என்று ஏதாவது வந்தால் கொன்டெக்ஸ்ட்டைக் குறைக்கவும், அல்லது சிறிய மொடலுக்கு இறங்கவும். க்வென்3 போன்றவை பதிலுக்கு முன் நீளமாகச் சிந்தித்து எழுதும். எளிய மொழிபெயர்ப்புக்கு அந்தச் சிந்தனை முறையை அணைத்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

இனித் தமிழ். ஆங்கிலத்தை வைத்துச் சொல்லப்படும் வேகக் கணக்குகள் எல்லாம் இங்கே வந்து சுருங்கும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். "வணக்கம்" என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், 21 பைட். மொடலின் டோக்கன் அகராதியில் தமிழ்த் துண்டுகள் இல்லையென்றால், மோசமான நிலையில் அந்த ஒரு சொல்லே 21 டோக்கனாக உடையும். லாமா 2 இன் அகராதி 32 ஆயிரம், லாமா 3 இன் அகராதி 1.28 இலட்சம், கூகுளின் ஜெம்மா 3 இன் அகராதி 2.6 இலட்சம். அகராதி பெருத்தால் தமிழுக்கும் இடம் கிடைக்கிறது. ஒரு சொல்லுக்குச் சராசரி 10 டோக்கன் ஆகும் மொடலில், 250 சொல் கொண்ட ஒரு பக்கம் 2,500 டோக்கன். 8,192 கொன்டெக்ஸ்ட் மூன்று பக்கத்தில் நிரம்பும். சொல்லுக்கு 4 டோக்கன் ஆகும் மொடலில் எட்டுப் பக்கம் பிடிக்கும். வேகமும் அப்படித்தான்: 40 டோக்கன் என்பது ஒன்றில் விநாடிக்கு 4 சொல், மற்றதில் 10.

லாமா 3.1 அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் எட்டு மொழிகளில் தமிழ் இல்லை. க்வென்3 இன் 119 மொழிகளில் தமிழ் உண்டு. கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஜெம்மா 3 க்கு 140 க்கு மேற்பட்ட மொழிகள். 8 ஜிபி லப்டொப்பில் தமிழுக்கு முதலில் முயல வேண்டியது ஜெம்மா 3 தான். 4 பில்லியன் வகை எளிதாக அடங்கும், படத்தையும் வாசிக்கும், ஆனால் நீண்ட வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகாமல் விட்டுவிடும். 12 பில்லியன் வகை தமிழில் தெளிவாகவே மேல். 4 பிட்டில் 7.3 ஜிபி என்பதால் சில அடுக்குகள் வெளியே நிற்கும், வேகம் குறையும். கடிதம், சுருக்கம் என்றால் அந்தக் காத்திருப்பு தகும். இரண்டுமே இந்திய நிர்வாகச் சொற்களை இலங்கை ஆவணத்துக்குள் கொண்டுவரும். பிரதேச செயலகம், கிராம அலுவலர் போன்ற சொற்களின் பட்டியலை முன்கட்டளையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்புக்கு உரையாடல் மொடல்தான் வேண்டுமென்பதில்லை. மெட்டா 2022 இல் வெளியிட்ட என்எல்எல்பி-200 இல் இரண்டு மொழிகளும் உண்டு. அதன் 60 கோடிப் பராமீட்டர் வகை 4 ஜிபி சிப்பிலும் ஓடும். வணிகத் தேவைக்கு அதன் உரிமம் இடம் தராது. ஒலிப்பதிவை எழுத்தாக்க விஸ்பர் இருக்கிறது. லார்ஜ்-வி3 மொடல் 16 பிட்டில் ஏறத்தாழ 3 ஜிபி, தமிழும் சிங்களமும் அறியும். பதிவில் நீண்ட மௌனம் வந்தால் இல்லாத வாக்கியங்களைத் தானே எழுதும் குணம் அதற்கு உண்டு. மௌனத்தை வெட்டும் விஏடி தெரிவை இயக்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

புதுக்கடைப் பக்கத்துச் சட்ட அலுவலகங்களிலும் கணக்காளர்களிடமும் இதற்குத் தேவை இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, கட்சிக்காரரின் ஆவணத்தை வெளிநாட்டுச் சேவை ஒன்றில் ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. லப்டொப்பில் ஓடும் மொடலுக்கு ஆவணம் வெளியே போகாது. ஆனால் அங்கே ஒரு பழைய முள் காத்திருக்கிறது: பாமினி. இலங்கைத் தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அதை அப்படியே ஒட்டினால் மொடல் குழம்பும். சில வேளை புரிந்ததுபோல் கற்பனையான சுருக்கம் ஒன்றையும் தரும், அதுதான் ஆபத்து. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய சிங்கள எழுத்துருக்களுக்கும் இதே விதி. காணி உறுதியின் மொழிபெயர்ப்பு எப்படியும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்தோடுதான் செல்லுபடியாகும். மொடல் தருவது அவருக்கான முதல் வரைவு.

கடைசியாக வெப்பமும் கரண்டும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று போகும்போது சிப்புக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். நூறு பக்கத்தை வரிசையாகக் கொடுத்துவிட்டுப் போனால் மணிக்கணக்கில் கொதிக்கும். அறை வெப்பம் 31 பாகையாக இருக்கும் வீட்டில், 25 பாகை ஏசி அறையைவிடச் சிப்பும் அதே 6 பாகை கூடுதலாகவே இருக்கும். 87 ஐ நெருங்கியதும் வேகத்தைத் தானே குறைக்கும். பின்புறத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி, மேசை மின்விசிறியைப் பக்கவாட்டில் வைக்கலாம். விண்டோஸின் பவர் தெரிவுகளில் புரொசெசரின் உச்ச நிலையை 99% ஆக்கினால், வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ அணையும்; இரண்டு சிப்புக்கும் ஒரே வெப்பக் குழாய் என்பதால் கிராபிக்ஸும் குளிரும். ஆஃப்டர்பர்னர் என்ற நிரலில் கிராபிக்ஸ் கோரின் வேகத்தைச் சற்றுக் கட்டிவைக்கலாம். பதில் எழுதும் வேகம் நினைவகத்தைச் சார்ந்தது என்பதால் அதிகம் குறையாது. நீண்ட ஆவணத்தை உள்வாங்கும் நேரம் மட்டும் கூடும். நினைவக வேகத்தில் கைவைக்க வேண்டாம்.

சுவரில் 150 வொட் என்று வைத்து, நாளுக்கு 3 மணிநேரம் ஓட்டினால் மாதத்துக்கு 13.5 அலகு. கேட்கச் சிறிது. ஆனால் வீட்டு மின்கட்டணம் படிப்படியானது: 110 அலகு பாவிக்கும் வீடு இதனால் 120 ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போகும், நிலையான கட்டணமும் ஏறும். பட்டியலில் தெரியும் வித்தியாசம் 13.5 அலகின் விலையைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். பட்டரியில் ஓட்ட நினைப்பதிலும் பயனில்லை. சார்ஜரைக் கழற்றியதும் கிராபிக்ஸ் சிப்பின் சக்தியை லப்டொப் கடுமையாக வெட்டும். 2025 பெப்ரவரி 9 இல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கின் புண்ணியத்தால் நாடே இருண்டதுபோல் இன்னொரு நாள் வந்தால், இணையம் இல்லாமலே பதில் சொல்லும் மொடல் கையில் இருக்கும். 4 பில்லியன் மொடலோடு, ஏறத்தாழ ஒரு மணிநேரத்துக்கு.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிக் கவலை. தூசியும் ஈரமும் உப்பும் சேர்ந்து வெப்பத் தகடுகளில் பசையாகப் படியும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யவும். ஏசி அறையில் அணைந்து கிடந்த லப்டொப்பை வெளியே கொண்டுவந்தால் உடனே போடக் கூடாது. கொழும்புக் காற்று பெரும்பாலான நாள்களில் 24, 25 பாகையிலேயே பனிக்கத் தொடங்கும். 21 பாகையில் குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படிந்துவிடும். பைக்குள்ளேயே அரை மணிநேரம் விட்டு, பிறகு எடுக்கவும்.